ஐந்நூறு அடியில் ஒரு கை

அத்தியாயம் 4

பத்தொன்பதாவது தடவையாக விமானம் விழுந்தபோது காலை மணி பதினொன்றே கால். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மேஜை மேல் வரிசையாக நின்ற மூன்று திரைகளும் ஓடுபாதையைக் காட்டியபடியே உறைந்தன. கொஞ்ச நேரம் முக்கி முனகிவிட்டு மூன்றும் கறுத்துப்போயின. நடுத்திரையில் மட்டும், புரோகிராம் எதிர்பாராமல் மூடப்பட்டது, வருந்துகிறோம் என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது.

“விழுந்துடுச்சு,” என்றார் கேப்டன். “பார்த்தீங்க இல்ல? நானூற்றுப் பத்து அடி.”

மூக்கு தலையாட்டினார். வால் ஆட்டவில்லை. அவளுக்கு வயிறு இன்னும் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை.

இந்த இரண்டு பேரையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மூக்கு துப்பறிகிறவர். அவர் மூக்கு கொஞ்சம் நீளம், அதை நுழைக்காத இடமும் கிடையாது, பெயர் ஒட்டிக்கொண்டது. வால் அவருடைய உதவியாளர், வயது நாற்பத்து மூன்று. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள். நீதிபதி சொன்னதோடு தன் அபிப்பிராயத்தையும் ஒரு வரி சேர்த்து அடித்துவிட்டதால் வெளியே வந்தவள். அவர் பின்னாலேயே போகிறாள், வாலைச் சுருட்டி வைத்துக்கொள்ளவும் தெரியாது, வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மூக்கும் வாலும் மட்டும் உள்ள மிருகத்தை நம்பி எந்த மகராசன் வேலை கொடுக்கிறானோ என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இந்தத் தடவை அந்த மகராசன் கேப்டன். முப்பத்தொரு வருஷம் பயணிகள் விமானம் ஓட்டி, இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓய்வு பெற்றவர். அதற்கப்புறம் வீட்டுப் பின்னறையில் சிமுலேட்டர் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதிகட்டைகள், பழைய விமானத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஓர் இருக்கை. ஒரு மாதமாக அந்த புரோகிராம் பாதியில் செத்துச் செத்து விழுகிறது. அதுவும் எப்போது? எல்லாம் நல்லபடியாகப் போய், ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்து, இதோ இறங்கப்போகிறது என்கிற நேரத்தில்.

இதெல்லாம் ஒரு கேஸா என்று வால் நேற்றே முகத்தைச் சுளித்தாள். கேஸ்தான் என்பது கேப்டன் பேசப் பேசப் புரிந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற விமானப் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் வேலை காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சிமுலேட்டரில் பத்து தடவை ஒழுங்காக இறக்கி, அதைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். இன்று புதன். கையில் ஒரு பதிவுகூட இல்லை. “ரெண்டு வருஷமா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கேன்,” என்றார் கேப்டன். “இது கிடைச்சா நான் மறுபடி மனுஷன். கிடைக்கலைன்னா இந்த நாற்காலிதான், இந்த ஜன்னல்தான்.”

கம்ப்யூட்டர் மெக்கானிக் நாலு தடவை வந்து போயிருந்தான். மெமரியை மாற்றினான், புரோகிராமை அழித்துத் திரும்பப் போட்டான். கடைசியில், “டிரைவர் பழசாயிடுச்சு சார், அதான் பிரச்சினை,” என்றான். திரைக்குப் படம் அனுப்புகிற சின்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயராம். கேப்டனுக்கு அது எங்கே தெரியும்? வாசல் பக்கம் கையை நீட்டிவிட்டார். வால் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்து அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்த மெக்கானிக் ஓட்டினால் விழுவதே இல்லையாம். இறக்கத் தெரியாமல் இரண்டு மணி நேரம் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தானாம், ஒன்றும் ஆகவில்லையாம்.

மூக்கு, கேப்டனின் நோட்டை வாங்கிப் பார்த்தார். பத்தொன்பது வரிகள், அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஒருநாள் முப்பத்தெட்டு நிமிஷம் பறந்திருக்கிறார், ஒருநாள் எழுபத்தொரு நிமிஷம். ஊர் வேறு, விமானம் வேறு, மழை, மூடுபனி, சுள்ளென்ற வெயில். விழுந்த உயரம் மட்டும் மாறவில்லை. நானூற்றுப் பத்து, முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, நானூற்று இருபது.

“மெஷின் கெட்டுப்போனா கண்ட நேரத்துல கெட்டுப்போகும்,” என்றார் மூக்கு. “இது நேரம் பார்த்துக் கெட்டுப்போகுது.”

முதல் வரிக்கு முந்தைய பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது கேப்டன் திகைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் தான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்ததில்லை என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

அவருக்குச் சந்தேகம் ஒரே ஆள் மேல்தான். பயிற்சிப் பள்ளியின் தலைவர், ஒருகாலத்தில் கேப்டனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓட்டியவன். கேப்டன் அவனைச் சின்னவன் என்றுதான் சொல்வார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பரீட்சையில் அவனை ஃபெயில் ஆக்கியிருக்கிறார். வேலை தருகிற மாதிரி தந்து, நெட் வழியாக உள்ளே புகுந்து, பதிவை அனுப்ப விடாமல் செய்து பழி தீர்த்துக்கொள்கிறான் என்பது அவர் கணக்கு.

இதற்கெல்லாம் முன்பே, மெஷின் விழுந்த கையோடு, கேப்டனின் மனைவி டீயோடு வந்திருந்தார். அதிராத நடை, கண்ணுக்குக் கீழே கருவளையம். கூடத்தில் வால் கையில் டம்ளரைக் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில், “ஒரு மாசமா இதே கதைதாம்மா,” என்றார். “கொஞ்சம் கவனிக்காம விட்டா போதும், விழுந்துடுவாரு.”

கம்ப்யூட்டருக்கு இத்தனை மரியாதையா என்று வால் மனதுக்குள் நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தாள்.

பயிற்சிப் பள்ளிக்கு மூக்கின் ஸ்கூட்டரில் போய்ச் சேர ஒன்றரை மணி ஆகிவிட்டது. சின்னவனுக்கு ஐம்பது வயது, தலை பாதி வழுக்கை. பழிவாங்குகிற ஆள் என்று நினைத்து வால் உள்ளே போகும்போதே முறைத்துக்கொண்டு போனாள். அவன் எழுந்து நின்று நாற்காலி போட்டான், கேப்டனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டான்.

“உங்களை ஃபெயில் பண்ணினாராமே,” என்றார் மூக்கு.

“பண்ணினாரு. அவர் ஒருத்தர்தான் பண்ணினாரு. பண்ணாம விட்டிருந்தா நான் எப்பவோ நூறு பேரைக் கொன்னிருப்பேன்.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மேஜை. மேலே ஒரு தூசி இல்லை. யாருடையது என்று மூக்கு கேட்டார். அவருடையதுதான் என்றான் சின்னவன், நாலு மாதமாக யாரையும் அதில் உட்கார விடவில்லையாம். பத்துப் பதிவு என்பது பள்ளியின் விதி, தானே தலைவன் என்றாலும் அதைத் தாண்ட முடியாது என்றான்.

கேப்டன் அவனைத் திட்டி எழுதிய கடிதத்தோடு, புரோகிராம் சாகும்போது தானே எழுதி வைக்கிற குறிப்புகளையும் அனுப்பியிருந்தார். சின்னவன் அவற்றை எடுத்துக் காட்டினான். இந்த புரோகிராம் கீழே தெரிகிற ஊரையும் வயலையும் நெட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டே வரும். நெட் அறுந்தால் கொஞ்ச நேரம் தவிக்கும், அப்புறம் மூச்சை விட்டுவிடும்.

“நேத்து வரைக்குமான பதினெட்டு தடவையும் முதல்ல நெட்தான் போயிருக்கு. சரியா ஒன்பது செகண்ட் கழிச்சு புரோகிராம் போயிருக்கு. நெட்காரங்க லைன் நல்லா இருக்குன்னு சத்தியம் பண்றாங்க. எனக்கும் புரியலை சார்.”

திரும்பி வருகிற வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது வாலுக்கு நாக்கு துறுதுறுத்தது.

“சார், நாம எல்லாரும் விழுந்துடுச்சு, விழுந்துடுச்சுன்னு கம்ப்யூட்டரை மட்டம் தட்டிட்டே இருக்கோம். அந்த அக்கா ஒருத்தங்கதான் விழுந்துடுவாருன்னு மரியாதையாப் பேசுறாங்க.”

மூக்கு திரும்பிப் பார்த்தார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். மூக்கு வண்டியை எடுக்கவில்லை.

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னாள். பாதி வாக்கியத்திலேயே அவளுக்கும் உறைத்துவிட்டது. விழுகிறது என்று அந்த அம்மாள் சொன்னது மெஷினை இல்லை.

“டீயை யோசிச்சியா?” என்றார் மூக்கு. “மெஷின் விழுந்து ரெண்டு நிமிஷத்துல டீ வந்துச்சு. கொதிச்சு, வடிகட்டி, ஆத்தி வந்த டீ. எந்த வீட்டுல ரெண்டு நிமிஷத்துல டீ ஆகும்?”

“விழறதுக்கு முன்னாடியே அடுப்புல வெச்சிருக்காங்க.”

“ம்.”

கண்டுபிடித்துவிட்டால் வால் வழக்கமாக ஒரு சீட்டி அடிப்பாள். இன்றைக்கு அவளுக்கு அடிக்கத் தோன்றவில்லை. மூக்கும் வண்டியை ரொம்ப மெதுவாகத்தான் ஓட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கு கேப்டனிடம் இன்னொரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார். வாலைச் சமையலறைக்கு அனுப்பினார், தண்ணீர் கேட்டுப் போ, திரும்பி வராதே என்று சொல்லி.

சமையலறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரே சுவர். மிக்ஸிக்குப் பக்கத்தில், அலமாரித் தட்டில், நெட் பெட்டி பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேப்டனின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். வால் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எதையோ கேட்டாள். ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள் என்று அவர் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். காது மட்டும் சுவரில் இருந்தது.

அரைமணி நேரம் போயிற்று. சுவருக்கு அப்பால் விமானம் தன் உயரத்தைத் தானே ஆங்கிலத்தில் சொன்னது: டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட். அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தார். தவுசண்ட் என்றது. பேச்சு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டார். ஃபைவ் ஹண்ட்ரட் என்று கேட்டதும், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, நெட் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணினார். சுவருக்கு அப்பால் எஞ்சின் சத்தம் நின்றது. சுவிட்சைத் திரும்பப் போட்டார். அப்புறம்தான் தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு நினைவு வந்தது.

அவர் மறைக்கப் பார்க்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நோட்டிலிருந்து கிழித்தது. அச்சடித்த மாதிரி அதே கையெழுத்து. இறக்க முடியவில்லை. அடுத்த வரியிலும் அதுவே. பதினோரு வரி இருந்தது, கடைசி வரிகளில் எழுத்து கோணிப்போயிருந்தது.

ஒரு மாதத்துக்கு முன்பு அவர் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தபோது கேப்டன் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். இறங்கும்போது கடைசி நொடியில் விமானத்தின் மூக்கைத் தூக்க வேண்டும். அந்த ஒன்று மட்டும் கைக்கு மறந்துபோய்விட்டது. நான் எப்படி இறக்குவேன், நீ பார்த்திருக்கியா, சொல்லு என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். பயணியாக ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவளுக்கு என்ன தெரியும்? அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து, முகச்சவரம் செய்துகொண்டு, திரும்பவும் ஓட்ட உட்கார்ந்தார்.

“அவருக்கு நினைப்பே இல்லம்மா. மறுபடியும் விழுந்தாரு, நோட்டுல எழுதக்கூட இல்லை, மறுபடியும் அதே அழுகை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. என்னால பார்க்க முடியலை. மூணாவது நாள், எதையாவது நிறுத்தினாப் போதும்னு ஓடி வந்து இதை அணைச்சேன். வெளியில வந்து மெஷினைக் கன்னாபின்னான்னு திட்டினாரு. திட்டிட்டு நல்லா சாப்பிட்டாரு.”

டாக்டரிடம் கூட்டிப் போகலாமே என்று வால் கேட்டாள். அவர் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார். நோயாளியோடு வரச் சொன்னார்களாம். கூட்டிப் போனால் என்ன ஏது என்று அவருக்குச் சொல்லியாக வேண்டுமே.

“வெள்ளிக்கிழமை தாண்டிட்டா அந்த வேலை போயிடும். போகட்டும். மெஷினாலதான் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும். தன்னால போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. உங்க சார்கிட்ட சொல்லி, மெஷின் கோளாறுன்னு எழுதித் தரச் சொல்றியா?”

வால் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

“டைப் அடிக்கிறது நான்தான் அக்கா,” என்றாள். “மெஷின்னே அடிச்சுடறேன்.”

கதவருகே கேப்டன் நின்றிருந்தார். விழுந்துவிட்டது என்று சொல்ல வந்தவர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. பின்னால் மூக்கு, தடுக்க முடியாமல் போனவராக, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கேப்டன் உள்ளே வந்து வால் கையிலிருந்த தாளை வாங்கினார். பதினோரு வரியையும் படித்தார். தன் கையெழுத்தையே யாரோ எழுதியது போலத் தடவிப் பார்த்தார்.

“இதை நான் எழுதினேனா?”

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. யாரும் போய் அணைக்கவில்லை, கடைசியில் மூக்குதான் அணைத்தார்.

“வா,” என்றார் கேப்டன் மனைவியிடம். “இன்னிக்கு யாரும் எதையும் தொடாதீங்க.”

பின்னறைக்குப் போய், ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்தார், பத்தே நிமிஷத்துப் பயணம். அட, அந்தக் கைகளைப் பார்க்க வேண்டுமே. சக்கரத்தை இறக்கியது, வேகத்தைக் குறைத்தது, காற்றுக்கு ஏற்றபடி இம்மி இம்மியாகத் திருப்பியது, ஒன்றிலும் ஒரு தடுமாற்றம் இல்லை. ஐந்நூறு தாண்டியது. நூறு தாண்டியது. ஐம்பது, நாற்பது, முப்பது என்று மெஷின் எண்ணியது. மூக்கைத் தூக்க வேண்டிய நேரம். வேறு நாளாக இருந்தால் வால் இதை வைத்துத் தன் சாரை ஒரு வழி பண்ணியிருப்பாள். இன்று மூச்சு விடாமல் நின்றாள். கேப்டனின் கை அசையவில்லை. அடுத்தது என்ன என்று யாராவது சொல்வார்களா என்பது போலக் காத்திருந்தது. விமானம் அப்படியே நேராகப் போய்த் தரையில் குத்தியது.

திரையில் தீ எரிந்தது. கேப்டன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“விழுந்துட்டேன்,” என்றார்.

அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். கேப்டன் மறுபடி ஓட்டினார், மறுபடியும் அதேதான். அவர் மூக்கிடம் திரும்பி, குரல் உடையாமல், பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் பேசுகிற மாதிரி பேசினார்.

“சின்னவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் அவனைத் தப்பா நினைச்சுட்டேன்னும் சொல்லுங்க. அந்த மேஜைக்கு வேற ஆளைப் பார்க்கட்டும். இறக்கத் தெரியாதவன் யாருக்கும் சொல்லித் தரக்கூடாது.”

சொல்லிவிட்டு மூன்றாவது தடவை ஏறினார். அவர் மனைவி பக்கத்தில் வந்து நின்று, அவர் தோளைப் பற்றிக்கொண்டார். வெளியே பளிச்சென்ற வெயில். திரையிலும் அதே வெயில், அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது ஓடுபாதை. தவுசண்ட் என்றது மெஷின். கேப்டனின் கழுத்து வேர்த்துப்போயிருந்தது.

“அணைச்சிடும்மா,” என்றார்.

அவர் மனைவி நகரவில்லை. அத்தனை நாளும் அவருக்குத் தெரியாமல் செய்ததை, இப்போது அவரே கேட்கும்போது எப்படிப் போய்ச் செய்வார்? தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஃபைவ் ஹண்ட்ரட் என்றது.

“அணைச்சிடு. ப்ளீஸ்.”

வால் ஓடினாள். கூடத்தில் நாற்காலியில் இடித்துக்கொண்டு, சமையலறைக்குள் விழுந்தடித்துப் போய், சுவிட்சை அணைத்தாள். நெட் பெட்டியின் பச்சைக் கண் மூடியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். சுவருக்கு அப்பால் எஞ்சின் இரைந்துகொண்டே இருந்தது, ஒன்பது செகண்ட் இவ்வளவு நீளம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பிறகு நின்றது. அந்த அமைதியில் ஒரு ஆண் அழுகிற சத்தமும், அதோடு சேர்ந்து ஒரு பெண் அழுகிற சத்தமும் கேட்டன.

வால் சுவிட்சிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அதைத் திரும்பப் போட அவளுக்கு மனசு வரவில்லை. போட்டால் அவர் மறுபடியும் ஓட்டுவார்.